கண்ணாடியை மறைத்த சாமிகள்

என் கல்யாணச் சீரில் நானாக வாய்விட்டுக் கேட்டது ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் மட்டும்தான். மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய பங்களாச் சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா எடுத்தது. அசல் தேக்கு. மேலே வளைந்த பெரிய கண்ணாடி, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி செருகப் பித்தளைத் தண்டுகள், கீழே இழுப்பறைகள், உட்கார ஒரு முக்காலி. அதன்முன் உட்கார்ந்து நிதானமாகத் தலைவாரிப் பூ வைத்துக்கொள்ள வேண்டும். அறுபதுகளில் ஒரு புதுப்பெண்ணுக்கு இதைவிட என்ன பேராசை இருந்துவிட முடியும்?

கடலூரில் மறுவீட்டு விருந்தை முடித்துக்கொண்டு நாங்கள் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸுக்கு வருமுன்பே லாரி வந்து அதை இறக்கிவிட்டுப் போயிருந்தது. வைக்கோலைப் பிரித்தவர் என் மாமியார். சேத்தியாத்தோப்புக்காரர். அவர் கண்ணுக்கு அந்த வளைவு திருவாசி, பித்தளைத் தண்டுகள் விளக்குத் தண்டுகள். நாங்கள் படுக்கையறைக்குள் நுழைந்தபோது முருகனும் லட்சுமியும் நடராசரும் கண்ணாடியை அடைத்துக்கொண்டு படங்களாக நின்றார்கள். பவுடர் வைக்க வேண்டிய இழுப்பறையில் விபூதி.

“ஒங்கப்பாவுக்கு எம்மாம் பெரிய மனசு! சாமிக்கு மண்டபமே அனுப்பிட்டாருன்னு குவார்ட்டர்ஸே பேசுது” என்றார் மாமியார்.

கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போது, “அது பவுடர் பூசுற மேஜை அத்தே” என்று எப்படிச் சொல்வது? கணவரைப் பார்த்தேன். கல்லூரியில் மாணவர்களை நடுங்க வைக்கும் மனிதர், பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாமிக்கு நேரே கால் நீட்டக் கூடாது என்று எங்கள் கட்டில் கூடத்துக்குப் போனது. சாமி முன்னால் தலைவிரிக்கக் கூடாது என்று நான் கொல்லைக்குப் போனேன். அங்கே ஆணியில் தொங்கிய கைக்கண்ணாடியில் ஒரு நேரத்தில் ஒரு கன்னம்தான் தெரியும். முக்காலியில் குத்துவிளக்கு சொகுசாக உட்கார்ந்திருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்த மூக்கைப் பார்க்கத்தான் கண்ணாடி இல்லை.

கொஞ்ச நாளில் படங்கள் நகர ஆரம்பித்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாமியார் துடைக்கும்போதும் முருகன் சற்று இடப்பக்கம் போவார், லட்சுமி வலப்பக்கம். நடராசரைக் காணோம், ஜன்னல் மேடையில் இருந்தார். நடுவில் கண்ணாடி தெரிந்தது.

என் மேஜையை இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று ஒரு நாள் உள்ளே போனேன். மாமியார் கைகூப்பி நின்றிருந்தார். கண்கள் மட்டும் திறந்திருந்தன. முகத்தை மெல்லத் திருப்பி மூக்குத்தியைப் பார்த்தார், காதோர முடியை ஒதுக்கினார். கண்ணாடிக்குள் என்னைக் கண்டதும் கூப்பிய கை அப்படியே நின்றுவிட்டது.

“என் மூஞ்சிய நான் முழுசா பாத்ததே இல்லம்மா. பொம்பளைக்கு எதுக்குக் கண்ணாடின்னு எங்க மாமியா வாங்கவே வுடல” என்றார்.

பாவமாக இருந்தது. குத்துவிளக்கை இறக்கி வைத்தேன்.

“ஒக்காருங்க அத்தே.”

“நீ மொதல்ல ஒக்காரு. ஒங்கப்பா ஒனக்குன்னுதானே அனுப்புனாரு?”

அவருக்கு முதல் நாளிலேயே தெரிந்திருக்கிறது! இருவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு அந்த ஒற்றை முக்காலியில் உட்கார்ந்து பூ வைத்துக்கொண்டோம்.

சாயங்காலம் கல்லூரி விட்டு வந்த கணவர் திடுக்கிட்டார். “சாமியெல்லாம் எங்கம்மா?”

மாமியார் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கூடத்து அலமாரியில. அவுங்களுக்கு எதுக்குடா கண்ணாடி?”