ரங்கநாயகி மாமி வீட்டு இறால்கள்

ரங்கநாயகி மாமி தபால் ஆபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தே ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் தனியாக, வாடகைக்கு இருக்கிறார். போன வருஷம் உறையூரில் ஹாலித்தின் மீன்தொட்டிக் கடைக்குத் தங்கமீன் வாங்கப் போனவர், நகத்தளவுச் சிவப்பு இறால்களோடு திரும்பினார்.

"மீன் சும்மா சுத்திண்டிருக்கு. இதுகள் கையைச் சும்மாவே வச்சுக்கலை" என்பதுதான் காரணம். வெந்த கீரையைப் போட்டால் கூட்டமாக வந்து கிள்ளிக் கிள்ளித் தின்னும்.

அந்தக் கட்டிடத்தில் அசைவத்துக்கு இடமில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் தேசிகன் நேரே வந்துவிட்டார்.

"மாமி, ஆத்துக்குள்ள இறாலாமே!"

"ஆமா. வாங்கோ, பாருங்கோ."

"அசைவம் மாமி அது!"

"கீரையைத் தவிர எதையும் தொட்டதில்லை. உங்காத்து மாப்பிள்ளையை அப்படிச் சொல்ல முடியுமா?"

தேசிகன் இருமினார். மாலையில் மொட்டைமாடியில் கூட்டம். தொட்டியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். "போனா இதுகளோடதான் போவேன்" என்றார் மாமி. கடைசியில் ஒரு முடிவு வந்தது. உயிரோடு இருக்கும்வரை இறால் பிராணி, செத்தால்தான் அசைவம். ஒன்று செத்தாலும் தொட்டி வெளியே போக வேண்டும்.

அடுத்த வாரம் சோதனைக்கு வந்த தேசிகன் அலறினார். தொட்டியின் அடியில் ஓர் இறால் வெளுத்துக் கிடந்தது.

"போயிடுத்து மாமி!"

"சட்டையை உரிச்சுப் போட்டிருக்கு. பாம்பு உரிக்கலையா?"

அவர் நம்பவில்லை. சாட்சிக்கு ஆள் கூட்டிக்கொண்டு வருவதற்குள், உரித்த இறாலே தன் சட்டையில் பாதியைத் தின்றுவிட்டிருந்தது.

சாவு விழவில்லை. ஆனால் கட்டிடத்துக்குள் இறாலைத் தின்றாகிவிட்டது, தின்றதும் இறால்தான்.

"குடியிருக்கிறவா யாரும் அசைவம் சாப்பிடப்படாதுன்னுதானே ரூல்?" என்றார் தேசிகன்.

"இதுகள் குடியிருக்கிறவான்னா மீட்டிங்குக்கு ஏன் கூப்பிடலை?" என்றார் மாமி.

தேசிகன் குனிந்து இறால்களை ஒருமுறை எண்ணினார். பிறகு, இறால்கள் இருக்கலாம், ஆனால் ஏகாதசியன்று அவற்றுக்கு ஆகாரம் போடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

மாமிக்கும் அது நியாயமாகவே பட்டது. அடுத்த ஏகாதசிக்கு அவரும் இறால்களும் சேர்ந்தே விரதம் இருந்தார்கள். மத்தியானம் அவை கண்ணாடியில் படிந்திருந்த பாசியை மும்முரமாக மேயத் தொடங்கின. மாமி நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.