என் முழத்துக்கு அடித்த கோடாலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு வார்த்தைக்கு எந்த எழுத்து வரும் என்று நின்று யோசிப்பதற்குள் அடுத்த வார்த்தை ஓடிப்போகிறது. மறதி வேறு. முன்னுக்குப் பின் மாறியிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டு படியுங்கள். எனக்கும் அப்படி நினைத்தால்தான் எழுத வருகிறது.

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. என் மருமகன் வரவழைத்தது. ஆபீஸ் சிநேகிதர்களோடு மலைப்பக்கம் போய்க் கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்கப் போகிறார்களாம். அட்டைப்பெட்டியைக் கிழித்ததும் இரும்பும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை வந்தது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்துவிட்டேன். உள்ளே தோல் உறை போட்ட சின்னக் கோடாலி. இரண்டு பக்கமும் வாய்.

“அத்தை, இந்த மாதிரி பாத்திருக்க மாட்டிய. ஒரு பக்கம் மெலிசு, ஒரு பக்கம் தடிப்பு. மூணு நாளா செல்லுல தேடித் தேடி எடுத்தேன்” என்றார்.

“நல்லா இருக்கு மாப்பிள” என்றேன். பார்த்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் எங்கே, எப்போது என்று கேட்பார். ஆள் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தைக்கு மேல் பேச எனக்கு வராது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என்னைக் கட்டிக்கொடுத்தது பனவடலிசத்திரம் பக்கம். வீட்டுக்காரர் ஆட்டுக்காரர். வருசத்தில் எட்டு மாசம் ஆட்டோடு வெளியூரில்தான் இருப்பார். அறுப்பு முடிந்த வயல்களில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கை வயலுக்கு உரம். வயல்காரர் கொடுக்கிற நெல் எங்களுக்குச் சோறு. ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயல், ஒரு ஊர் முடிந்தால் அடுத்த ஊர்.

வீட்டில் நானும் என் மாமியாரும். அவருக்குக் காது கேட்காது. நான் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. அதனால் வீட்டில் பேச்சே கிடையாது. உலை கொதிக்கிற சத்தம்தான். சில நாள் பானை மூடியை வேண்டுமென்றே கீழே போட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

கல்யாணமாகி மூன்றாவது வருசம் என்று நினைக்கிறேன். எழுபத்தேழோ எழுபத்தெட்டோ. மாசி மாசம். கிடையிலிருந்து சுடலை அண்ணாச்சி வந்தார். அவரும் எங்கள் வீட்டுக்காரரும் ஒரே கிடை.

“தங்கச்சி, ஒம் மாப்பிள ஒரு கோடாலி கேட்டான். சங்கரன்கோவில் ஆசாரிட்ட சொல்லி அடிச்சு வாங்கிரு. சின்னதா, தூக்கிட்டு நடக்க லேசா இருக்கணும். ரெண்டு பக்கமும் வாய் வச்சது. மலையடிவாரத்துல எவங்கிட்டயோ பாத்துட்டு ஒரே பிடியா நிக்கான்.”

“ரெண்டு வாய் எதுக்கு அண்ணாச்சி?”

“மெலிசு வாய் ஆட்டுக்குக் குழை வெட்ட, மொயல் கிடைச்சா அறுக்க. தடிச்ச வாய் முள்ளு வெட்ட, வேரு வெட்ட. ரெண்டு ஆயுதம் சொமக்கதுக்கு ஒண்ணு. நான் வெள்ளிக்கெழம போறேன், எங்கிட்ட குடுத்துவிடு.”

அப்போது கிடைக்காரர்கள் முயல் வேட்டைக்குப் போவது சகஜம். இப்போது போனால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பட்டறை சந்தைக்குப் போகிற வழியில் இருந்தது. கரிப்புகையும் தண்ணீரில் முக்கிய இரும்பு வாடையும் தெருமுனைக்கே வரும். அங்கே அரிவாள் தீட்ட வந்த பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“யாருக்குத் தாயி கோடாலி?” என்றார் ஆசாரி.

“அவுகளுக்கு.”

“ஊருல பாதிப் பேரு அவுகதான். எந்த அவுக?”

பெண்கள் சிரித்தார்கள். புருசன் பெயரை நான் எப்படிச் சொல்வேன்? ஊரையும் மாமனார் பெயரையும் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மூன்று துண்டு இரும்பை என் முன்னால் போட்டு, “ஒண்ணு எடு, பாப்போம்” என்றார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். ஒன்று கனம். ஒன்று ரொம்ப லேசு, கருவேல வேருக்குத் தாங்காது. நடுவில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். “வெவரமான பிள்ளதான்” என்றார். எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை அடுத்த கேள்வி வரைக்கும்தான் நின்றது.

“காம்பு அளவு சொல்லு. ஒரு முழமும் நாலு விரலும் வைப்பேன். ஆனா அவன் முழமாக்கும். அவன் கை என்ன நீளம் இருக்கும்?”

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும்தான் முழம். அவர் முழம் என்ன? எனக்குத் தெரியவில்லை. அவர் சட்டை எப்படி இருக்கும், செருப்பு எப்படித் தேய்ந்திருக்கும் என்று தெரியும். கையை நினைத்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. மூன்று வருசத்தில் அந்தக் கை என் பக்கத்தில் இருந்த நாட்கள் அவ்வளவு குறைச்சல்.

“ஏட்டி, கட்டுனவன் கை நீளம் தெரியாதா? அப்பொ என்னத்ததாம்ட்டி பாத்த?” என்று ஒருத்தி கேட்டாள். பட்டறையே சிரித்தது. துருத்தி இழுத்தவர் கூட நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“இதான் அளவு” என்று என் கையை நீட்டிவிட்டேன். ஆசாரி ஒருதரம் என்னைப் பார்த்தார், கயிறு போட்டு அளந்துகொண்டார்.

மறுநாள் வாங்கப் போனபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னார். “தாயி, இது ரெண்டு வாய்க் கோடாலி. காம்பு குட்டையா இருந்தா பின்வாய் வெட்டுதவன் மேலயே திரும்பும். பாத்துச் சொல்லு அவங்கிட்ட.”

வேறு காம்பு போடச் சொல்லலாம் என்றால் அதற்கும் அளவு தெரிய வேண்டுமே. சுடலை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டால் அவர் விளக்கிச் சொல்வாரா? மாமியாரிடம் சைகையாலேயே சொல்லி, பக்கத்து வீட்டில் அவருக்குச் சோற்றுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை அண்ணாச்சியோடு நானும் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்காரர் நெற்றியை நினைத்துப் பயந்துதான் போனேன். அது மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. போக ஒரு சாக்குக் கிடைத்தது என்று சந்தோசமும் இருந்தது.

ராயகிரியில் இறங்கி வயல் வழியே நடந்தோம். மேற்கே மலை பக்கத்தில் நிற்கிற மாதிரி தெரிந்தது. கிடையில் என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரர் முதலில் கேட்டது, “அம்மைக்கு என்ன?”

“அத்தைக்கு ஒண்ணுமில்ல. கோடாலி.”

வாங்கிப் பார்த்தார். மெலிசு வாயில் பெருவிரலை ஓட்டினார். முகம் மலர்ந்தது. ஓங்கிப் பார்த்தார், காம்பு பத்தவில்லை. தன் கையை அதன் மேல் வைத்தார், என் கையைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

கிடையில் இருந்த மற்ற ஆட்கள் விடவில்லை. “ஏலே, பொண்டாட்டி தன் முழத்துக்குல்லா அடிச்சிட்டு வந்திருக்கா! அப்பொ ஆயுதம் அவளுது. அவளையே முள்ளு வெட்டச் சொல்லு வே” என்றார்கள்.

எங்கள் ஆட்டுக்காரர்களிடம் அப்படி ஒரு வழக்கம். காம்பு யார் முழத்துக்கு அளந்ததோ ஆயுதம் அவருடையது. காம்பை மாற்றினால் ஆளும் மாறிவிட்டது என்று பொருள். ஆயுதத்துக்கு உடையவர் கிடையில் இருக்கலாம், சோற்றிலும் பங்கு உண்டு.

அவர் சிரிக்கவில்லை. “அப்பொ நீ இரி” என்றார்.

ஒன்பது நாள் இருந்தேன். கிடையைச் சுற்றி அடைக்க நான்தான் முள் வெட்டினேன். கை கிழிந்தது. அந்தக் கோடாலி என் கைக்கு அப்படிப் பொருந்தியது. ஒருநாள் முயல் கிடைத்தது, மிளகாய் அரைக்கக் கல் இல்லாமல் பாறையில் வைத்து அரைத்தேன். அந்த ஒன்பது நாளில் நான் பேசிய அளவுக்கு அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. அவ்வளவு பேசினேனே, அந்தக் கையை ஒருதரம் அளந்து பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள். பத்தாம் நாள் அவர், “அம்மைக்கு ஆள் வேணும்லா. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்” என்றார். சரி என்றேன். பின்வாய் திரும்பும் என்று ஆசாரி சொன்னதைச் சொல்லி, புதுக் காம்பு போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த வருசம் மகள் வயிற்றில். அதற்கடுத்த வருசம் கைப்பிள்ளை. அப்புறம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆனால் அவர் காம்பை மாற்றவில்லை. அந்த வருசம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது இடுப்பில் அதே குட்டைக் காம்பு. இடது புருவத்தில் ஒரு தழும்பு.

“இது என்ன?”

“முள்ளு கிழிச்சது.”

முள் கிழித்தால் அவ்வளவு நேராகவா கிழிக்கும்? நான் மேலே கேட்கவில்லை. காம்பை மாத்துங்க என்று மட்டும் சொன்னேன். “கிடக்கட்டும்ட்டி” என்றார். வருசா வருசம் சொன்னேன். வருசா வருசம் அதே பதில்.

மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது, கிடையிலேயே மஞ்சள்காமாலை கண்டு போய்விட்டார். கம்பளி, தூக்குவாளி, கோடாலி மூன்றையும் சுடலை அண்ணாச்சிதான் கொண்டுவந்து கொடுத்தார். காம்பின் கடைசி நுனி மட்டும் கறுத்து வழவழவென்று இருந்தது. இடம் பத்தாமல் நுனியிலேயே பிடித்து வெட்டியிருக்கிறார், அத்தனை வருசமும்.

அதைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தேன். ஒருநாள் களையெடுத்துவிட்டு வந்து பார்த்தால் இல்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவர் வந்திருக்கிறார், மகள் எடுத்துப் போட்டுவிட்டாள். அது என்னவென்று நான்தான் அவளுக்குச் சொல்லவே இல்லையே. எனக்கென்று இரண்டு பழம் இலையில் பொதிந்து வைத்திருந்தாள். தின்றேன். அவளைத் திட்டவில்லை.

இப்போது பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. ராயகிரியில் கிடை போட்ட அந்த வயலில் வீட்டுமனைக் கல் நட்டிருப்பதாக யாரோ சொன்னார்கள். மருமகன் கோடாலியை உறையில் போடுகிறபோது மட்டும் வாய் திறந்து கேட்டேன், “காம்பு ஒங்க முழத்துக்கு அளந்ததா மாப்பிள?” என்று. “அதெல்லாம் எல்லாருக்கும் ஒரே அளவுதான் அத்தை” என்றார்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது கொஞ்சம் சரிபார்த்துச் சொல்லுங்கள். நான் போனது மாசிதானா, பங்குனியா? எழுபத்தேழா, எழுபத்தெட்டா? சுடலை அண்ணாச்சி மேலநீலிதநல்லூரில் மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இருந்தால் அவருக்குத் தெரியும். பல வருசம் ஒரே கிடையில் ஒரே தட்டில் சாப்பிட்டவர். என் கையைவிட எங்கள் வீட்டுக்காரர் கை எத்தனை விரல் நீளம் என்று அப்படியே கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு இன்னும் தெரியாது.