யாரும் சாகாத கதை

தாம்பரத்தில் வாடகைக்குப் புத்தகம் தரும் கடைக்காரர் அவர். நரைத்த தாடி, கசங்கிய கட்டம்போட்ட சட்டை. கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் எந்த நாவலையும் தர மாட்டார்.

கிராமத்துக் காதல் கதை என்றாலே எனக்கு எரிச்சல். புற்றுநோயில் படுத்திருந்த என் மனைவி அதைத்தான் கேட்டாள்.

"இத்த குடு சார். கடசீல கல்யாணம். ஒருத்தரும் சாவ மாட்டாங்க," என்றார்.

அதைப் பாதி படிப்பதற்குள் அவள் போய்விட்டாள். புத்தகத்தை அவர் மேசையில் எறிந்தேன்.

"அவ போயிட்டா. எல்லாம் பொய். எவன்யா இப்படி வாழுறான்?" என்று கத்தினேன்.

"பொய்தான் சார். அக்கா சிரிச்சாங்களா?"

"சிரிச்சா. மாப்பிள்ளை சேத்துல விழுந்தப்ப."

அவருக்கு அழுகை வந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்த சொந்தக்காரன் எல்லாம் எந்த ஆஸ்பத்திரி, என்ன வைத்தியம் என்றுதான் துருவினான். அவள் சிரித்தாளா என்று ஒருவனும் கேட்கவில்லை.