தேயிலைக்குள் போகாத பந்து

அவ்வளவு கூச்சலுக்கு நடுவே என் குரல் என் கணவர் காதில் விழுந்ததா? மஸ்கெலியாவுக்குப் போய்வந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. போன வழியையும் அங்கே நடந்ததையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் தெரியலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு லிந்துலையில் பஸ் ஏறினோம், நானும் ஒன்றரை வயது மகள் தியாவும். அவளுக்கு முந்தின நாளிலிருந்து லேசாகச் சளி. கூட்டிப்போவதா வேண்டாமா என்று பலமுறை முடிவை மாற்றி, கடைசியில் கம்பளித் தொப்பியும் சுடுதண்ணீர்ப் போத்தலும் மருந்தும் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தலவாக்கலை தாண்டியதும் அவள் ஒருமுறை இருமினாள். இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவு வந்தது. அவள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டாள். இறங்கவில்லை.

என் கணவர் ரவி கொழும்பில், புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்கிறார். எனக்கு லிந்துலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை வேலை. அவர் பிறந்தது மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில். அந்தத் தோட்டத்து உதைபந்தாட்ட அணிக்கு அவர்தான் தலைவர், பின்வரிசையில் நடுவே நிற்பவர். அணி இரண்டாம் பிரிவில் விளையாடுகிறது. தன் கடைப் பையன் லீக் விளையாடுகிறான் என்பதில் அவருடைய முதலாளிக்குப் பெருமை. அதனால் போட்டி உள்ள ஞாயிறுகளில் மட்டும் விடுவார். மற்ற ஞாயிறுகளில் களஞ்சியத்தில் சாமான் இறக்க வேண்டும். ஆகவே நாங்கள் குடும்பமாக இருப்பது மைதானத்தில்தான். அன்றைக்குக் கடைசிப் போட்டி. சமநிலையில் முடிந்தால் போதும், அணி இரண்டாம் பிரிவிலேயே நிற்கும். தோற்றால் மூன்றாம் பிரிவு. அங்கே வருடத்துக்கு இரண்டு தடவை, ஒருநாள் போட்டியாக நடத்தி முடித்துவிடுவார்கள். வருடத்துக்கு இரண்டு ஞாயிறு.

ஹட்டனில் பஸ் மாறினோம். மஸ்கெலியாவுக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். தியா மடியிலிருந்தபடியால் அவளுக்கு இல்லை. டிக்கோயா, நோர்வூட் எல்லாம் பனிக்குள் வந்து பனிக்குள் போயின. மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கிக் கரைமண் சிவப்பாகத் தெரிந்தது. அங்கிருந்து தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர் முச்சக்கர வண்டியில் போக வேண்டும். எழுநூறு ரூபாய். வண்டியோட்டி சிவா அதே தோட்டத்துக்காரர். ஒரு போட்டியும் விடமாட்டார்.

"டீச்சர், இன்னைக்கும் அண்ணன் தேயிலைக்குள்ளதான் அடிப்பாரா?"

"ட்ரோ எடுத்தாப் போதுமாமே" என்றேன்.

"எடுக்கலாம். அதப் பாத்துட்டு இருக்கிற எங்களுக்குத்தான் ஏதாச்சும் மருந்து வேணும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. மலையை வெட்டிச் சமப்படுத்திய மைதானம் அது. மேல்பக்கம் மண்மேடு, கீழ்ப்பக்கம் செங்குத்தாக இறங்கும் தேயிலை. பந்து உள்ளே விழுந்தால் எந்தச் செடிக்கடியில் கிடக்கிறது என்று தேட வேண்டும். கீழ்ப்பக்கம் உட்காருவது தோட்டத்துப் பெண்கள். தேடி எடுத்துக் கொடுப்பதும் அவர்கள்தான். தோட்ட அணிக்கு நேரம் போக வேண்டுமென்றால் தேடல் மெதுவாக நடக்கும், அவசரமென்றால் பந்து பறந்து வரும். எழுதாத ஒப்பந்தம். இந்தப் பருவம் முழுவதும் மெதுவாகவே நடந்தது. எல்லோரும் பின்னால் நின்று, வந்த பந்தையெல்லாம் தேயிலைக்குள் அடித்து, கோல் இல்லாமலே முடித்துக்கொண்டு வந்தார்கள். அதைச் சொல்லிக்கொடுத்தவர் என் கணவர்தான்.

பத்தரை மணிக்கு மைதானத்தில் அவரைப் பார்த்தோம். இரவு பஸ்ஸில் வந்த கசங்கல் சட்டையிலும் முகத்திலும் இருந்தது. தியாவைத் தூக்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சளி புடிச்ச புள்ளைய எதுக்குக் கூட்டியாந்த?"

"நீங்க பாக்க வேணாமா?"

நடுவர் கூப்பிடும்வரை அவர் அவளைக் கீழே விடவில்லை.

முதல் பாதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பந்து மேலே போனது, தேயிலைக்குள் விழுந்தது, வந்தது, மறுபடி போனது. மஸ்கெலியா டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் நஸீர் நானா கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். கழுத்தைத் தடவிக்கொண்டே, "நானும் வாரா வாரம் வந்து வானத்தப் பாத்துட்டுப் போறேன். இதுக்குக் கடை வாசல்லயே நிக்கலாமே, புள்ள" என்றார்.

என் பக்கத்தில் இருந்த பேச்சியம்மா அக்கா பந்தோடு மேலே ஏறி வந்து தொப்பென்று உட்கார்ந்தார். அதே மலையில் கொழுந்து பறிப்பவர். "ஆறு நாளும் இந்தச் செடிக்குள்ளதான் கெடக்கிறேன். ஞாயித்துக்கெழமையும் எறங்கணுமா? இதுக்கு அரைப்பேராச்சும் போடுவாங்களா?" என்று உரக்கக் கேட்டார். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். கீழ்ப்பக்கம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு என் கணவர் பார்த்திருப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு நினைவு வந்தது வேறு ஒரு ரவி. ஹட்டனில் நான் படித்த காலத்தில், கல்லூரிகளுக்கிடையிலான போட்டியொன்றில்தான் அவரை முதலில் பார்த்தேன். பந்து வந்ததும் அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு ஒரு கணம் சும்மா நிற்பார். மைதானமே அவருக்காகக் காத்திருப்பதுபோல் இருக்கும். பிறகு கிளம்புவார். அதைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். திருமணத்துக்கு முன்பாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் பாதியில் பேச்சியம்மா அக்கா ஒப்பந்தத்தை முறித்துவிட்டார். பந்து தேயிலைக்குள் விழுந்ததும் விழுந்த இடத்துக்கே நேராக இறங்கி, எடுத்து, எதிரணிப் பையன் கையில் கொடுத்தார். "இந்தாங்க தம்பி, சுருக்கா எறிங்க. நீங்களாச்சும் வெளையாடுங்க." மற்றப் பெண்களும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள்.

என் கணவர் ஓரத்துக்கு ஓடி வந்து கத்தினார். "அக்கா, நீங்க எந்த டீமு?"

"பந்து வெளையாடுற டீமு!"

மேல்பக்கத்திலிருந்தும் கூச்சல் தொடங்கியது. அடிக்காதே, கொண்டு போ, அடிக்காதே, கொண்டு போ. எதிரணிக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மடியில் தூங்கிக்கொண்டிருந்த தியா சத்தத்தில் விழித்துக்கொண்டாள். இந்தச் சனங்களுக்கு என் ஞாயிறுகளைப் பற்றி என்ன தெரியும் என்று கோபம்கூட வந்தது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்திருக்கும். எதிரணி உள்ளே தூக்கிப் போட்ட பந்து யாரோ ஒருவன் தலையில் பட்டுத் தெறித்து அவர் காலடிக்கு வந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் முன்னால். ஓர் அடி அடித்தால் தேயிலை. நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

"அடிக்காதீங்க! கொண்டு போங்க!"

அது என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் பந்தின்மேல் காலை வைத்தார். ஒரு கணம் நின்றார்.

பிறகு கிளம்பினார். முதலில் வந்தவனை உள்பக்கமாகத் திரும்பிக் கடந்தார். அடுத்தவனுக்கு இடதுபக்கம் காட்டி வலதுபக்கம் போனார். நடுக்கோட்டைத் தாண்டியபோது கூச்சல் நின்றுவிட்டது. ஷூ மண்ணில் பதியும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. பந்தை எங்கள் பையன் ஒருவனிடம் தள்ளி, ஓடிப்போய்த் திரும்ப வாங்கினார். அடித்தார். கோல்கம்பத்தின் உள்விளிம்பில் பட்டுப் பந்து வெளியே திரும்பியது.

அங்கிருந்த நூறு தலைகளின்மேல் நூற்றுத் தொண்ணூறு கைகளாவது இருந்திருக்கும். திரும்பிய பந்தை எதிரணி நீளமாக அடித்தது. அவர் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. கோல்.

விசில் ஊதியது. முதலில் பேச்சியம்மா அக்கா கை தட்டினார். மேல்பக்கமும் தட்டியது. நஸீர் நானா என்னிடம் வந்தார். "தோத்தது தோத்ததுதான், புள்ள. ஆனா இன்னைக்கு நான் பந்து பாத்தேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. இவர்களுக்கு ஒரு நல்ல ஞாயிறு கிடைத்தது. அதை யாருடைய ஞாயிறுகளிலிருந்து எடுத்தார்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே அவர் கேட்டார்: "நல்லா இருந்துச்சா?"

"ம்."

முகத்தில் வருத்தம் இருந்தது. அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. கல்லூரி மைதானத்தில் பார்த்த முகம்.

சிவாவின் வண்டியிலேயே மஸ்கெலியாவுக்கு இறங்கினோம். திரும்பும் வழிக்கு அவர் காசு வாங்கவில்லை. ஹட்டனில் நாலரைக்குக் கொழும்பு பஸ் நின்றுகொண்டிருந்தது. தியா அவர் தோளில் தூங்கிவிட்டாள். எழுப்பாமல் அவளை என் தோளுக்கு மாற்றிவிட்டு, ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். அடுத்து எப்போது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. லிந்துலை பஸ்ஸில் இருட்டத் தொடங்கியது. அவள் இருமவே இல்லை.

இங்கே ஞாயிறுகள் இப்போது அமைதியானவை. துணி காயப்போடுகிறேன், பாடக்குறிப்பு எழுதுகிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் களஞ்சியத்திலிருந்து அவர் அழைப்பார். பின்னால் இரும்புக் கம்பிகள் விழும் சத்தம் கேட்கும். தியா என்ன செய்கிறாள் என்பார். பந்து உருட்டுகிறாள் என்பேன். கேள்வி நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். என் குரல்தான் கேட்டது என்று அவர் சொன்னால், இந்த வெறும் ஞாயிறுகளுக்கெல்லாம் நானே காரணமாகிவிடுவேன். கேட்கவே இல்லை என்று சொன்னால், அதற்கு இன்னும் அதிகமாக வருத்தப்படுவேன் என்று தோன்றுகிறது.

இப்படித் தூரத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு வாழ்பவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். கேட்டுவிடுவது நல்லதா, கேட்காமல் வைத்திருப்பது நல்லதா? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்.