டாக்டரிடம் சொன்ன பொய்

இரண்டு வருடத்துக்கு முன்னால், குறுவை அறுப்பு முடிந்த சமயம். குரும்பகரத்தில் எங்கள் வீட்டில் மகளிர் குழுக் கூட்டம். குழுத் தலைவி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே எங்கள் நாய்க்குட்டி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்ட ஆரம்பித்துவிட்டது. உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த பத்துப் பெண்களும் பார்த்தார்கள்.

குட்டிக்கு அப்போது ஆறு மாதம். பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் ஆசைப்பட்டுக் கொண்டுவந்து, பட்டாணி என்று பெயர் வைத்திருந்தாள். ஒரு மாதமாகவே தலையணை மேல் ஏறுவதும், மகளின் காலைப் பிடித்துக்கொள்வதுமாக இருந்தது. எனக்கு எந்நேரமும் அதே கவலைதான். நான் அப்படிப்பட்ட ஆள்தான். கேஸை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் ஏறின பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். தெரியாததை யாரிடம் எப்படிக் கேட்பது என்பதும் தெரியாது.

குட்டியைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. அப்போதுதான் அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார், "வீட்ல பாக்குறதத்தானே நாயும் செய்யும்!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் மஸ்கட்டில் டிரைவர், இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார். இது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதனால்தான் அந்தச் சிரிப்பு அவ்வளவு நேரம் நீடித்தது.

மறுநாள் குட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஆடு பிடித்துக்கொண்டு நாலைந்து ஆண்கள். டாக்டரும் ஆண், என் தம்பி வயதுதான் இருக்கும். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போயிருந்தேன். அதற்கு நான் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு வார்த்தைகூட எனக்குக் கிடைக்கவில்லை.

"என்னம்மா பிரச்சனை?" என்றார்.

"வயித்தால போவுது சார்."

"எத்தனை தடவ?"

"அஞ்சாறு தடவ."

வாலைத் தூக்கிப் பார்த்தார். "பாத்தா அப்படித் தெரியலையேம்மா" என்றார். ஆனாலும் மருந்து கொடுத்தார். பொய் சொன்னோமே, கொடுக்காவிட்டால் இன்னும் பாவமோ என்ற பயத்தில் வீட்டுக்கு வந்து அந்த மருந்தையும் கொடுத்தேன். ஒன்றுமில்லாத குட்டி, வெளிக்குப் போக முடியாமல் இரண்டு நாள் முக்கிக்கொண்டு கிடந்தது.

சரியானதும் பழையபடி தலையணை. விளக்குமாற்றால் அடித்தேன். அடி வாங்கிய அடுத்த நிமிடம் வாலை ஆட்டிக்கொண்டு என் காலுக்கே வந்தது. அதைப் பார்த்துவிட்டு நாத்தனார், "என் தம்பி காதுக்குப் போறதுக்குள்ள இத எங்கயாவது விட்டுட்டுத் தலை முழுவு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை விட்டால் வேறு யார் என் கணவர் காதில் போடப் போகிறார்கள்? அன்று இரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் மகள் பள்ளிக்கூடம் போனதும் குட்டியோடு ஆட்டோ பிடித்தேன். திருவேட்டக்குடிக் கடற்கரையில் மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, ஒரு பன்னைப் பிய்த்துப் போட்டேன். மீன் தலை கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆட்டோ கிளம்பியதும் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யக்கா, பன்னத் திங்கல. பின்னாடியே ஓடி வருது" என்றார்.

"நீ ஓட்டு தம்பி" என்றேன்.

கேட் திறந்திருந்தது, ஓடிப்போய்விட்டது என்று மகளிடம் சொன்னேன். ஒரு வாரம் சைக்கிளில் தெருத் தெருவாகத் தேடினாள். நானும் கூடப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து எங்கள் ஊரில் ஆடு மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம் போட்டார்கள். வந்தது ஒரு பெண் டாக்டர். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற என் நாத்தனார் சத்தமாகவே கேட்டார்: "டாக்டரம்மா, நாங்களும் புதுசா ஒரு குட்டி வளக்குறோம். வர்றவங்க காலெல்லாம் புடிச்சிக்கிட்டு ஆட்டுது. மானம் போவுது!"

டாக்டர் சிரித்தார். "குட்டிங்க அப்படித்தாங்க. பாதி அது வெளையாட்டு. ஆளப் பாத்த சந்தோஷம் தாங்காம செய்யும். கத்தாதீங்க, அடிக்காதீங்க, சிரிக்கவும் சிரிக்காதீங்க. பேசாம கால எடுத்துக்கிட்டு, கடிக்க ஏதாவது குடுத்து வேற பக்கம் திருப்புங்க. வளந்தும் விடலன்னா கூட்டியாங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்."

அவ்வளவுதான். இரண்டு நிமிடம். நாத்தனார் என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டியா, வெளையாட்டாம்!" என்று சிரித்தார். தான் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

மறுநாளே திருவேட்டக்குடிக்குப் போனேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் விசாரித்தேன். "செவல குட்டிதானே? ரோட்டோரமாவே படுத்துக் கெடந்துச்சும்மா. எந்த ஆட்டோ வந்தாலும் எந்திரிச்சு பின்னாடியே ஓடும். அப்புறம் ஆளக் காணும்" என்றார். அடிபட்டதா, யாராவது தூக்கிப் போனார்களா, அவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய் உட்பட. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "எனக்கு வெளிய சொல்ல முடியாத வியாதி ஏதாச்சும் வந்தாலும் வயித்தால போவுதுன்னுதான் சொல்லுவியாம்மா?" என்று கேட்டாள்.

நான் "இல்லடி" என்றேன். அவள் நம்பவில்லை. அதன் பிறகு அவள் உடம்பைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்வதில்லை. தலைவலி என்றால்கூட அவளே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். குட்டியின் கழுத்துப் பட்டை இன்னும் அவள் புத்தக அலமாரியில் கிடக்கிறது. ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டு ஒரு உயிரைத் தொலைத்தேன் என்பதை எப்படியோ தாங்கிக்கொள்கிறேன். ஆனால் தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் கண் தானாகவே அதன் பின்னால்தான் போகிறது.