அந்தப் பக்கம் எடுத்தது யார்?

இடைவேளையில் சித்தப்பா இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் வாங்கி வந்த பாப்கார்னைத் தொடாமல் மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவும்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். தன் கதை படமாக ஓடும் தியேட்டரில் ஒரு மனிதர் கேட்கிற கேள்வியா அது! அவர் எழுதியது ஒன்றரைப் பக்கம். இவர்கள் இழுத்திருந்ததோ இரண்டே முக்கால் மணி நேரம்.

அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சித்தப்பா அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில், மாலை கிளம்பும்போது ஆஸ்டின் டவுன் வீட்டுக்குப் போன் அடித்து, இரண்டு ரிங்கில் வைத்துவிடுவார். சித்தி எடுக்கமாட்டாள், எழுந்து டிகாக்ஷன் போடுவாள். அதுதான் அவர்களுக்குள் ஏற்பாடு. சித்தி போய் ஆறு வருடமாகிறது. ஆனாலும் தினம் அல்சூர் ஏரிக்கரையில் நடந்து முடித்ததும், பெஞ்சில் உட்கார்ந்து பூட்டிய வீட்டுக்கு இரண்டு ரிங் விடுவார். ஒருநாள் பார்த்துவிட்டு, "யாரு எடுக்கப் போறாங்க சித்தப்பா?" என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"யாரும் எடுக்க வேணாம்மா. வரேன்னு சொன்னா போதும்."

ஜீவனஹள்ளியில் ஓர் அறையில் தனியாக இருக்கிறவள் நான். எனக்கு அப்படி அடிக்க ஒரு நம்பர்கூட இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது.

அதையே அவர் ஓர் ஆண்டு மலருக்குக் கதையாக எழுதினார். மனைவியை இழந்தவன் பூட்டிய வீட்டுக்குத் தினமும் போன் செய்கிறான். ஒருநாள் அந்தப் பக்கம் யாரோ எடுக்கிறார்கள். மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. கதை அவ்வளவுதான். படித்து முடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பயத்திலா ஆசையிலா என்று சொல்லத் தெரியவில்லை.

அலுவலகத் தோழி ஒருத்தியின் தம்பி படம் எடுக்க அலைந்துகொண்டிருந்தான். கதையைக் கேட்டுத் துள்ளினான். சித்தப்பாதான், "அது வீட்டு விஷயம்மா, விட்டுடு" என்றார். நான் விட்டேனா? கையெழுத்துப் போடும்வரை நச்சரித்தேன். படம் எடுக்க வந்த அந்த மகானுபாவனுக்கு இருந்தது ஒரே சந்தேகம்: "சார், போனை எடுத்தது யாரு? அதைச் சொல்லலேன்னா ஆடியன்ஸ் சும்மா விடுவாங்களா?"

சொன்னான் ஐயா, சொன்னான்! இடைவேளைக்குப் பிறகு ஒரு சைக்கோ கொலைகாரன், அவனுக்கு ஓர் இரட்டைப் பிறவி, கடற்கரையில் ஒரு பாட்டு, மூன்று கார் துரத்தல்கள். மனைவியைக் கொன்றவனே அவன்தானாம். அவள் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, ரிசீவரை எடுத்துச் சிரிக்கிறான். "சாக்கு குரு, போதும்!" என்று பின்வரிசையில் ஒருவன் கன்னடமும் தமிழுமாகக் கத்த, தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். சித்தப்பா மட்டும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் ஏரிக்கரைக்கு அவரோடு போனேன். நடந்து முடித்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். போனை எடுத்தார், பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன சித்தப்பா, அடிக்கலையா?"

"அடிச்சா அவன் எடுத்துடுவானோன்னு இருக்கும்மா."

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுகையை அடக்கிக்கொண்டு, "இனிமே எனக்கு அடிங்க சித்தப்பா" என்றேன். அதைச் சொல்லும்போது, அவருக்காகக் கேட்கிறேனா எனக்காகக் கேட்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"உனக்கு அடிச்சா நீ எடுத்துடுவியேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.