சல்மாபாத் கேம்ப்புக்குப் போன மூட்டைகள்

செல்வசிங் பஹ்ரைனுக்கு வந்தது ஏ.சி. மெக்கானிக் விசாவில். இரண்டே வருஷத்தில் கம்பெனி மூடிக்கொண்டது. குளச்சலுக்குத் திரும்பிப் போக முகமில்லாமல் அலைந்தவனுக்கு, 2002-ல், மனாமா பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் டிரைவர் வேலை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாள் ஃபர்ஹாவுக்கு எழுபத்தெட்டு வயது. கணவர் காலமாகிவிட்டார், மகன் லண்டனில். பம்பாயில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் இந்தி நன்றாகப் பேசுவார். அவர் யூதர் என்பது செல்வசிங்குக்குத் தெரியவே ஒரு மாதமாயிற்று.

தெரிந்த அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. யூதர்களைப் பற்றி அவன் அறிந்ததெல்லாம், இயேசுவைச் சிலுவையில் அறையச் சொன்னவர்கள் என்று பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் கேட்டதுதான். ஆனால் கையில் வேறு வேலை இல்லை. இருந்துவிட்டான்.

அந்த வீட்டு மாடியில்தான் பெண்கள் உதவிச் சங்கம் நடந்தது. 1936-ல் ஃபர்ஹாவின் மாமியாரும் இன்னும் பத்துப் பெண்களும் சேர்ந்து தொடங்கியது. பிள்ளை பெற்ற ஏழைத் தாய்மாருக்குப் பால் கொடுத்தார்கள். ஆளில்லாமல் செத்தவர்களைக் குளிப்பாட்டி, கோடித் துணி சுற்றி அடக்கம் செய்தார்கள். நாற்பத்தேழில் மனாமாவில் யூதர்கள்மேல் நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்த ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிப் போக, உதவி கேட்டு வரவே ஆளில்லாமல் ஆயிற்று. ஒருவரும் வராவிட்டால் நாம் போவோம் என்று, செல்வசிங் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம், ஃபர்ஹா தொழிலாளர் கேம்ப்புகளுக்குக் கம்பளியும் அரிசியும் சோப்பும் அனுப்ப ஆரம்பித்தார். ஒவ்வொரு மூட்டையிலும் சங்கத்தின் பெயரும் முகவரியும் அச்சடித்த ஒரு நீலச் சீட்டைத் தன் கையாலேயே ஒட்டுவார்.

2003 டிசம்பரில் செல்வசிங் முதல்முறையாக வேனில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சல்மாபாத் கேம்ப்புக்குப் போனான். ராமநாதபுரத்துக்காரன் ஒருவன், கார்மேகம் என்று பெயர், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் வேலை பார்க்கிறவன், சீட்டைத் தொட்டுப் பார்த்தான்.

“என்னமோ எழுதிருக்கே, யாருண்ணே குடுக்குறா?”

செல்வசிங் சுற்றும் முற்றும் பார்த்தான். சொன்னால் கேம்ப்பில் என்ன பேச்சு வருமோ, தான் வாராவாரம் போகிற ஜெபக்கூட்டத்துக்காரர்கள் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்களோ.

“நம்ம ஜெபக்கூட்டத்துல உள்ளவங்கதான்” என்று வாயில் வந்துவிட்டது.

மறுமுறை, கேம்ப்புக்குத் திரும்பும் முனையில் வேனை நிறுத்தி, சீட்டுகளை எல்லாம் உரித்துக் குப்பைத்தொட்டியில் போட்டான். பிறகு அது வழக்கமாயிற்று.

2005-ல் கார்மேகம் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஃபர்ஹா ஆறு வாரம் தினமும் சூப் வைத்து, செல்வசிங்கிடம் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பினார். நடக்க ஆரம்பித்ததும் கார்மேகம் நொண்டிக்கொண்டே ஜெபக்கூட்டத்துக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால் செல்வசிங்கின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தாங்கள் எதுவும் கொடுக்காததால், செல்வசிங் ஏதோ தன் சம்பளத்தில் செய்கிறான் என்று கூட்டத்தில் எல்லாரும் நினைத்தார்கள். அவன் இல்லையென்று சொல்லவில்லை. அடுத்த வாரமே கூட்டத்துக்கு அவனைத் தலைவனாக்கினார்கள். ஊரில் அவன் மனைவி புஷ்பமேரி, புருஷன் செய்கிற ஊழியத்தைப் பற்றிச் சபையில் சாட்சி சொன்னாள். போனில் அவள் அழுகையும் சிரிப்புமாக அதை விவரித்தபோது அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. மறுவருஷம் கோடையில் இஸ்ரேல்-லெபனான் சண்டை மூண்டு, கேம்ப் டிவியில் பகலெல்லாம் அதே படம் ஓடியது. மறைத்தது நல்லதாயிற்று என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். ஆனால் வீட்டுக்கு வந்தால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

2008-ல் ஃபர்ஹா சங்கத்தின் சரித்திரத்தைப் புத்தகமாக்க உட்கார்ந்தார். பழைய கடிதங்கள் மேசையெல்லாம் பரந்து கிடந்தன. ஒருநாள் காலையில் அவனைக் கூப்பிட்டார்.

“கடைசி அத்தியாயத்துக்கு ஒன்றுமே இல்லை, செல்வா. ஐந்து வருஷம் அனுப்பியிருக்கிறோம். ஒருத்தர்கூட இந்த வாசலுக்கு வரவில்லை. நாங்கள் ஏதாவது தப்பாகச் செய்தோமா? அரிசி மட்டமா?”

செல்வசிங் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். உரித்துப் போட்ட சீட்டுகள், ஜெபக்கூட்டம், தலைவர் பதவி, ஒன்றையும் விடவில்லை.

“எப்போதிலிருந்து?”

“முதல் நாள்லேருந்து, மேடம். பயமா இருந்துச்சு.”

“பயம்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கலவரம் நடந்த மறுநாள் என் மாமியார் வழக்கம்போல ஏழைத் தாய்மாருக்குப் பால் அனுப்பினார். இதே சீட்டோடு. அவருக்குப் பயமில்லை என்றா நினைக்கிறாய்?”

அவன் அழுதான். அவர் அவனைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் கேம்ப்புக்குப் போய் உண்மையைச் சொன்னான். பலர் ‘அதனால என்ன’ என்கிற மாதிரிப் பார்த்தார்கள். இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். கார்மேகத்துக்குத்தான் கோபம் வந்தது.

“யாரா இருந்தா எனக்கென்னண்ணே? சூப்பு வச்சுக் குடுத்த கெழவி ஒருத்தி இருக்கா, நான் ஒங் கையப் புடிச்சுக் கும்பிட்டேன். வாங்கிக்கிட்டு நின்னியே! யல்லா, வண்டிய எடு. இப்பவே போவணும்.”

மனாமா வீட்டில் கார்மேகமும் ஃபர்ஹாவும், அவனுக்குத் தெரிந்த உடைந்த இந்தியில், ஒரு மணி நேரம் பேசினார்கள். அவர் அவன் காலைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டார். இருவரும் சிரித்தார்கள். செல்வசிங் வெளியே வேனருகில் நின்றான். யாரும் அவனை உள்ளே கூப்பிடவில்லை.

வேலையை விட்டு அவர் அவனை நீக்கவில்லை. சம்பளத்திலும் குறை வைக்கவில்லை. ஆனால் அதன்பிறகு கேம்ப்புக்குப் போகும்போது மூட்டைகளை இறக்கிக் கொடுத்தது கார்மேகம். செல்வசிங் ஓட்டினான், அவ்வளவுதான். ஜெபக்கூட்டத் தலைவர் பதவியை, காரணம் சொல்லாமலே விட்டுவிட்டான்.

2009-ல் லீவில் ஊருக்குப் போனபோது புஷ்பமேரி அவன் பெட்டியில், அச்சாகி வந்திருந்த அந்தச் சங்கப் புத்தகத்தைக் கண்டெடுத்தாள். பக்கங்களைப் புரட்டி, கடைசியில் விரலை வைத்தாள்.

“இஞ்ச பாரும், ஒம்ம பேரு! ‘டிரைவர்’னு போட்டிருக்கு. ஒம்ம ஊழியத்தப் பத்தி ஒரு வரியும் காணுமே? ஞாயித்துக்கெழம பாஸ்டரிட்ட கொண்டு காட்டட்டா?”

செல்வசிங் கதவைச் சாத்தினான். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“காட்டாண்டாம், மேரி. நீ சபையில சொன்ன சாட்சி பொய்யி. நாந்தான் ஒன்னச் சொல்ல வச்சேன்.”

அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்கினான்.